ஒரு கரை, ஒரு கோப்பு

(பிள்ளைச்சாவடியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் இன்று எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் கேட்பதற்கு மிகச் சிறியது. கணினியில் கணக்குப் போடுகிறோம். அந்தக் கணக்கிலிருந்து வரைபடம் போடுகிறோம். பத்து வரைபடம், ஐம்பது வரைபடம், இருநூறு வரைபடம். அத்தனையையும் தனித்தனிப் படமாகச் சேமிப்பதா? பல பக்கம் கொண்ட ஒரே கோப்பாகச் சேமிப்பதா? இதுதான் பொருள். இதற்கு ஒரு கூட்டமா, இதற்கு ஒரு மேடையா என்று யாரும் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். வேறு ஊராக இருந்தால் இதைக் கணினி வகுப்பில் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போயிருப்பேன். பிள்ளைச்சாவடியில் அப்படி முடிக்க மனம் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

இந்த ஊர்க் கரையின் கதை இந்த ஊரில் தொடங்கவில்லை. தெற்கே, சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி, அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் தொடங்கியது. 1986-இல் ஆரம்பித்து 1989 வாக்கில் அங்கே துறைமுகத்துக்காக இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். நம் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதி, ஏறத்தாழ மார்ச் முதல் அக்டோபர் வரை, தெற்கிலிருந்து வரும் அலை மணலை வடக்கே தள்ளிக்கொண்டு போகிறது. வாடைக்காற்றுக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்தால் மணல் வடக்கே போவதுதான் அதிகம். அந்த ஓட்டத்தின் குறுக்கே கல்லை வைத்தால் என்ன ஆகும்? சுவருக்குத் தெற்கே மணல் குவிந்தது. வடக்கே மணல் வரவு நின்றது. வரவு நின்றாலும் செலவு நிற்கவில்லை. அலை எடுத்துக்கொண்டே இருந்தது. புதுச்சேரி நகரத்துக் கடற்கரையில் மணல் போய்க் கருங்கல் வந்தது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று கல் கொட்டிக்கொண்டே போனார்கள். கல் கொட்டிய இடம் தப்பியது, அதற்கு அடுத்த இடம் அரித்தது. தந்திராயன்குப்பம், கோட்டக்குப்பம், முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம். அதற்கு அடுத்து யார்? நீங்கள்தான்.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2022 டிசம்பரில் மாண்டஸ், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல். தேதிகளை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. புயல் வந்தால் பத்திரிகை வருகிறது, கேமரா வருகிறது, அதிகாரிகள் வருகிறார்கள். புயல் இல்லாத ஆண்டில்? புயல் இல்லாத சாதாரண மாதத்தில், யார் கண்ணிலும் படாமல், இரண்டு அடி, மூன்று அடி என்று கரை போகிறதே, அதை யார் எழுதி வைக்கிறார்கள்?

எழுதுகிறார்கள். எழுதாமல் இல்லை. சென்னையில் இருக்கும் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரை செயற்கைக்கோள் படங்களை வைத்து இந்தியாவின் கரை முழுவதையும் அளந்தது. நாட்டின் கரையில் 33.6 விழுக்காடு அரிப்புக்கு உள்ளாகியிருக்கிறது என்றது. மேற்கு வங்கத்தில் 60.5 விழுக்காடு. அதற்கு அடுத்த இடம் புதுச்சேரிக்கு, 56.2 விழுக்காடு. நல்ல உழைப்பு, வேண்டிய உழைப்பு. ஆனால் 56.2 என்ற அந்த எண்ணில் காரைக்காலும் இருக்கிறது, புதுச்சேரி நகரமும் இருக்கிறது, நீங்களும் இருக்கிறீர்கள். அந்த எண்ணைப் பார்த்து உங்கள் தெருவுக்கு என்ன ஆகிறது என்று சொல்ல முடியுமா? முடியாது. எண் சுருங்கச் சுருங்க ஊர் மறைந்துபோகிறது. ஊர் தெரிய வேண்டும் என்றால் எண்ணை விரிக்க வேண்டும், வரைபடமாக்க வேண்டும், பக்கம் பக்கமாக வைக்க வேண்டும்.

அதை யார் செய்வது? இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்கள் செய்யலாம். இதற்குப் பெரிய பணம் வேண்டியதில்லை. லேண்ட்சாட் 5 என்ற செயற்கைக்கோள் 1984-இல் மேலே போனது. துறைமுகச் சுவர் கட்டுவதற்கு முன்பே போய்விட்டது என்பதைக் கவனியுங்கள். சுவருக்கு முன் இந்தக் கரை எப்படி இருந்தது, பின் எப்படி ஆனது, இரண்டுக்கும் படம் இருக்கிறது. 2008-இல் அமெரிக்கா அந்தப் படக் களஞ்சியத்தை உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவிட்டது. அதில் ஒரு புள்ளி 30 மீட்டர், நுணுக்கம் போதாது. 2015-க்குப் பிறகு ஐரோப்பாவின் சென்டினல் 2 கிடைக்கிறது, அதில் ஒரு புள்ளி 10 மீட்டர். அதுவும் இலவசம். கரையின் நீளவாக்கில் 50 மீட்டருக்கு ஒரு குறுக்குக்கோடு போடுங்கள். ஒரு கிலோமீட்டர் கரைக்கு 21 கோடு. ஒவ்வொரு கோட்டிலும் தண்ணீர் விளிம்பு எந்த ஆண்டில் எங்கே இருந்தது என்று குறித்தால், 21 வரைபடம். பொம்மையார்பாளையத்திலிருந்து கனகசெட்டிக்குளம் வரை போனால் நூற்றுக்கணக்கில் வரும்.

இப்போது என் பொருளுக்கு வருகிறேன். அந்த நூற்றுக்கணக்கான வரைபடத்தை என்ன செய்யப் போகிறீர்கள்?

தனித்தனிப் படமாகச் சேமித்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு கோப்புறையில் படம் 1, படம் 2, படம் 10 என்று கிடக்கும். பெயரை எழுத்துவாரியாக வரிசைப்படுத்தும் நிரல்களில் 1-க்கு அடுத்து 10 வரும், 2 பின்னால் போகும். தெற்கிலிருந்து வடக்கே போன கரை தலைகீழாகக் கலையும். நான்கு படத்தை ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அதில் ஒன்றை இன்னொருவர் தன் உரையில் ஒட்டுவார். ஆறு மாதம் கழித்து அந்தப் படம் எந்தக் கோடு, எந்த ஆண்டு, யார் அளந்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

அது கலைவது மட்டுமா? அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. இந்தக் கரை பருவத்துக்குப் பருவம் மூச்சு விடுகிறது. ஒரு மாதம் மணல் ஏறும், இன்னொரு மாதம் இறங்கும். கரை வளர்கிறது என்று காட்ட வேண்டுமா? மணல் ஏறிய மாதத்துப் படத்தை எடுத்துக் காட்டலாம். கரை அழிந்தேவிட்டது என்று காட்ட வேண்டுமா? புயலுக்கு மறுநாள் படத்தைக் காட்டலாம். இரண்டும் உண்மையான படம், இரண்டும் பொய்யான செய்தி! உதிரிப் படங்களாக வைத்திருக்கும் வரை எவர் வேண்டுமானாலும் தமக்கு வேண்டியதைப் பொறுக்கலாம். எல்லாப் பக்கமும் வரிசையாகக் கட்டப்பட்ட ஒரே கோப்பாக இருந்தால்? ஒரு பக்கத்தைக் காட்டுகிறவரிடம், "ஐயா, அடுத்த பக்கத்தைப் புரட்டுங்கள்" என்று சொல்லும் உரிமை உங்கள் கைக்கு வருகிறது. நான் இந்த ஒன்றைச் சொல்லத்தான் வந்தேன்.

மீனவச் சகோதரர்களே, உங்களுக்குத் தெரிந்த ஒன்றைக்கொண்டே சொல்கிறேன். படகுக் கணக்கை நீங்கள் எப்படி வைத்திருக்கிறீர்கள்? டீசல் செலவு, ஐஸ் செலவு, மீன் விற்ற பணம், ஆளுக்குப் பங்கு என்று எல்லாம் ஒரே நோட்டில். ஒருவர் துண்டுச் சீட்டில் கணக்கைக் கொண்டுவந்து நீட்டினால் பங்காளிகள் ஒப்புக்கொள்வார்களா? முன் பக்கம் எங்கே என்று கேட்பார்கள். கரைக் கணக்குக்கும் அந்தக் கேள்வி வேண்டும்.

இந்தக் கரைக்கு இன்னொரு தனிக் காரணமும் இருக்கிறது. புதுச்சேரி நகரத்திலிருந்து வடக்கே நடந்து வாருங்கள். புதுச்சேரி முடிந்து கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு வரும். முதலியார்சாவடி தமிழ்நாடு. பொம்மையார்பாளையம் தமிழ்நாடு. பிள்ளைச்சாவடிக்கு வந்தால் மீண்டும் புதுச்சேரி. காலாப்பட்டு புதுச்சேரி. கனகசெட்டிக்குளம் தாண்டினால் மறுபடியும் தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் பங்கு போட்டுக்கொண்டதன் மிச்சம் இது. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது, எல்லைக்கோடு மாறவில்லை. மணலுக்கு இந்த எல்லை தெரியுமா? அலைக்குத் தெரியுமா? தெற்கே ஓர் அரசு கடலுக்குள் கல்லால் தூண்டில் வளைவு போட்டால் வடக்கே இன்னோர் அரசின் ஊரில் அதன் விளைவு தெரியும். கணக்கு மட்டும் இரண்டு அலுவலகத்தில் இரண்டாகக் கிடந்தால், அந்த விளைவைக் காட்டும் பக்கம் எந்தக் கோப்பிலும் இருக்காது. எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு வரைபடம், அந்தப் பக்கம் ஒரு வரைபடம், இரண்டும் அடுத்தடுத்த பக்கங்களாக ஒரே கோப்பில் வரும்போதுதான் காரணமும் விளைவும் கைகோத்து நிற்கும்.

வரைபடங்களைக் கட்டி வைப்பது புதிய யோசனையா? புதியதே அல்ல. வரைபடம் உலகில் பரவியபோதே அது புத்தகமாகத்தான் பரவியது. 1786-இல் லண்டனில் வில்லியம் பிளேஃபேர் என்பவர் நாடுகளின் வணிகத்தைக் கோடுகளாக வரைந்து ஒரு நூல் வெளியிட்டார். 44 வரைபடங்கள், ஒரே தொகுப்பு. ஆண்டுகளைக் கிடைக்கோட்டிலும் பணத்தை நெடுக்கோட்டிலும் வைக்கும் பழக்கத்தை உலகுக்குப் பரப்பிய நூல் அது. அடுத்த நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டின் பொதுப்பணி அமைச்சகம், எமில் ஷேசோன் என்பவரின் பொறுப்பில், 1879 முதல் 1897 வரை தொடர்ந்து புள்ளிவிவர வரைபடத் தொகுப்புகளை வெளியிட்டது. ரயில், கால்வாய், துறைமுகம், சரக்கு என்று எல்லாம் பக்கம் பக்கமாக. நம் புதுச்சேரி அப்போது அந்த நாட்டின் ஆட்சியில்தான் இருந்தது. ஓர் அரசாங்கம் தன் துறைமுகங்களின் கணக்கை மக்கள் கண்ணால் பார்க்கும்படி கட்டி வெளியிட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். துறைமுகத்தால் கரை இழந்த நமக்கு அந்த உரிமை இல்லையா?

இன்னும் பக்கத்தில் வருகிறேன். 1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்தியக் காடுகளுக்கு நிலப்படம் போட்டது. தாள் தாளாக வந்த தொடர். ஒவ்வொரு தாளும் இரண்டரை லட்சத்துக்கு ஒன்று என்ற ஒரே அளவில். ஒரு தாளை இன்னொரு தாளின் பக்கத்தில் வைத்தால் காடு தொடர்ந்து போகும். அந்த நிறுவனம் நம் கடற்கரை நகரத்தில் இன்றும் இருக்கிறது. நமக்குப் பாடம் எங்கோ இல்லை.

மாணவர்களே, இனி உங்களுக்காகக் கொஞ்சம் நுணுக்கமாகப் பேசுகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் பயன்படுத்தும் ஆர் என்ற மென்பொருள் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இரண்டு ஆசிரியர்கள் உருவாக்கியது. இலவசம். அதில் பிடிஎஃப் என்ற கட்டளையைக் கொடுத்தால் ஒரு கோப்பு திறக்கும். அதன் பிறகு நீங்கள் போடும் ஒவ்வொரு புதிய வரைபடமும் தானாகவே அடுத்த பக்கத்தில் போய் உட்காரும். அதற்குத் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை, அது அந்த மென்பொருளின் இயல்பு. அதிலேயே ஜிஜிபிளாட் என்ற தொகுப்பைக் கொண்டு சுழற்சிக்குள் வரைகிறவர்கள் மட்டும் பிரின்ட் கட்டளையை வெளிப்படையாக எழுத வேண்டும். எழுதாவிட்டால் பக்கம் வராது. பைத்தான் என்ற நிரல்மொழியில் மேட்பிளாட்லிப் என்ற நூலகம் இருக்கிறது. ஜான் ஹன்டர் என்பவர் வலிப்பு நோயாளிகளின் மூளை அலைகளைப் பார்ப்பதற்காக எழுதத் தொடங்கி 2003-இல் வெளியிட்டது. 2012-இல் அவர் மறைந்துவிட்டார். அவர் நோயாளிகளுக்காக எழுதியது இன்று கரைக்கும் உதவுகிறது. அதில் பிடிஎஃப்பேஜஸ் என்று ஒன்று உண்டு. அதைத் திறந்து, ஒவ்வொரு படத்தையும் அதற்குள் சேமித்து, கடைசியில் மூட வேண்டும். சேமித்த படத்தை உடனுக்குடன் நினைவகத்திலிருந்து விடுவியுங்கள். 20 படத்துக்கு மேல் திறந்து கிடந்தால் அதுவே எச்சரிக்கும்.

மூட வேண்டும் என்றேன். இதை அழுத்திச் சொல்கிறேன். எத்தனை மாணவர்கள் இரவெல்லாம் கணக்கு ஓடவிட்டு, காலையில் கோப்பைத் திறந்தால் திறக்க மறுக்கிறது என்று வருகிறார்கள்! காரணம் எளிது. பிடிஎஃப் கோப்பில் எந்தப் பக்கம் எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணை கோப்பின் முன்னால் இல்லை, கடைசியில் இருக்கிறது. மூடும் கட்டளை ஓடும்போதுதான் அந்த அட்டவணை எழுதப்படுகிறது. பாதியில் பிழை வந்து நின்றால் பக்கங்கள் உள்ளே இருந்தாலும் அவற்றைக் கண்டுபிடிக்க வழி இருக்காது. ஆர் மென்பொருளில் இன்னொரு தொல்லையும் சேரும்: மூடாத கோப்புக்குள் நீங்கள் அடுத்து வரையும் வேறு படங்களும் போய் விழும். ஆகையால் பிழை வந்தாலும் வராவிட்டாலும் மூடும் கட்டளை ஓடும்படி எழுதுங்கள். பைத்தானில் வித் என்று தொடங்கி எழுதினால் அது தானாக மூடும்.

அடுத்தது அளவுகோல். இதில்தான் நேர்மை இருக்கிறது. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் மென்பொருள் ஒவ்வொரு வரைபடத்துக்கும் தனித்தனி அளவுகோலை வைத்துக்கொள்ளும். ஒரு கோட்டில் கரை 4 மீட்டர் போயிருக்கிறது, இன்னொரு கோட்டில் 40 மீட்டர் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தானியங்கி அளவுகோலில் இரண்டும் ஒரே மாதிரிச் சரிவாகத் தெரியும். பக்கத்தைப் புரட்டுகிறவர் எல்லா இடமும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுவார். 40 மீட்டர் இழந்த குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய அநியாயம் உண்டா? எல்லாப் பக்கத்துக்கும் ஒரே அளவுகோல், ஒரே ஆண்டு வரிசை, ஒரே நிறம். முதலில் எல்லாக் கோடுகளின் பெரிய மதிப்பையும் சிறிய மதிப்பையும் கண்டுபிடித்து அதை எல்லைகளாகக் கொடுங்கள். அப்போது பக்கத்தைப் புரட்டப் புரட்டக் கண்ணே ஒப்பிட்டுக்கொள்ளும்.

மூன்றாவது, தமிழ். இந்தக் கோப்பு யாருக்கு? மாவட்ட ஆட்சியருக்கும் நீதிமன்றத்துக்கும் போகலாம்; முதலில் இந்த ஊருக்கு. அப்படியானால் தலைப்பும் குறிப்பும் தமிழில் இருக்க வேண்டும். இங்கே மாணவர்கள் தடுக்கி விழுவார்கள் என்பதால் சொல்கிறேன். ஆர் மென்பொருளின் சாதாரண பிடிஎஃப் கட்டளையில் தமிழ் எழுதினால் எழுத்துக்குப் பதில் புள்ளிகள் வரும். அதற்குப் பதிலாகக் கெய்ரோ பிடிஎஃப் கட்டளையைப் பயன்படுத்தி, கணினியில் தமிழ் எழுத்துரு ஒன்றை நிறுவிக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும். அதுவும் பல பக்கங்களை ஒரே கோப்பில் வைக்கும். மேட்பிளாட்லிப்பின் பல பதிப்புகளில் எழுத்து வரும், ஆனால் கெ, கே, கொ போன்றவற்றில் கொம்பு இடம் மாறி நிற்கும். கோட்டக்குப்பம் என்று எழுதினால் யாராலும் படிக்க முடியாமல் போகும். தொல்லையாக இருக்கிறதே என்று ஆங்கிலத்துக்கு ஓடாதீர்கள். வேறு வழியைத் தேடுங்கள், வழி இருக்கிறது. தன் ஊர்ப் பெயரைத் தன் எழுத்தில் பார்க்க முடியாத ஆவணத்தை இந்த ஊர்த் தாய்மார்கள் தங்களுடையதாக எப்படி எடுத்துக்கொள்வார்கள்?

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நான்கு விவரம் இருக்கட்டும்: கோட்டின் எண், அது எந்த இடம், படம் எடுத்த தேதி, அந்த நேரத்தில் ஓதம் ஏறியிருந்ததா வற்றியிருந்ததா. கடைசி விவரம் இல்லாவிட்டால் தண்ணீர் ஏறிய நேரத்துப் படத்தைப் பார்த்து அரிப்பு என்று சொல்லிவிடுவோம். எதிர்த்து வாதாடுகிறவர் முதலில் பிடிப்பது அந்த ஓட்டையைத்தான்.

எண்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பிடிஎஃப் என்பது பார்ப்பதற்கும் அச்சடிப்பதற்கும். 1993-இல் வந்தது, 2008-இல் உலகத் தரமாக ஏற்கப்பட்டது, எந்தக் கணினியிலும் எந்தக் கைபேசியிலும் ஒரே மாதிரி திறக்கும்; அதனால்தான் அதைச் சொல்கிறேன். ஆனால் அதிலிருந்து எண்ணைத் திரும்ப எடுப்பது கடினம். அளந்த எண்கள் ஓர் அட்டவணையாக அதே பெயரில் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கேட்கிறவருக்கு இரண்டையும் கொடுக்க வேண்டும்.

கல் கொட்டலாமா, தூண்டில் வளைவு போடலாமா, 2018-இல் புதுச்சேரி தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் இறக்கிய செயற்கைத் திட்டு போல ஒன்று இங்கும் வேண்டுமா, மணலை இயந்திரம் வைத்து வடக்கே தள்ளிக் கொடுக்க வேண்டுமா? நான் இந்த மேடையிலிருந்து தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அந்த விவாதத்துக்கு நீங்கள் வெறுங்கையோடு போகக் கூடாது என்பதே என் கவலை. நகரத்தில் திட்டு இறக்கிய பிறகு மணல் சேர்ந்ததை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். அதற்கு வடக்கே ஒவ்வோர் ஊரிலும் அதே ஆண்டுகளில் என்ன நடந்தது? அதை அடுத்தடுத்த பக்கங்களில் வைத்துப் பார்த்த பிறகு கேள்வி கேளுங்கள். அந்தக் கேள்வியை யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

இனி வேலைக்கு வருவோம். நான் சொன்ன செயற்கைக்கோள்கள் 1984-க்கு முன்னால் இந்தக் கரையைப் பார்க்கவில்லை. அதற்கு முன்பு எங்கே வலை காய்ந்தது, எங்கே கட்டுமரம் ஏற்றினார்கள், எந்தக் கோயிலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் எத்தனை தென்னை நின்றது என்பது இந்த அறையில் முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களுக்குத்தான் தெரியும். மாணவர்கள் நிலப்படத்தை விரித்து வைத்திருக்கிறார்கள், பென்சிலும் இருக்கிறது. முதல் பக்கத்தில் வரையப்பட வேண்டிய கோடு எது, அது தெற்கே எந்த இடத்தில் தொடங்க வேண்டும் என்பதை ஐயாமார்களும் அம்மாமார்களும் வந்து கைவைத்துக் காட்டுங்கள். நான் மேடையை விட்டு இறங்குகிறேன்.